லாட்கான் குடியிருந்த கோயில்

(நூலக வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஓர் ஊரைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வட கர்நாடகத்தில், பாகல்கோட் மாவட்டத்தில், மலப்பிரபா ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். பெயர் ஐஹோளே. நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் அய்ஹோல் கல்வெட்டு என்று ஒரு வரி வருமே, அந்த ஊர்தான். சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி, ஹர்ஷரைத் தோற்கடித்தது, ரவிகீர்த்தி எழுதிய கல்வெட்டு என்று மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துபோன ஊர். நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு ஆசிரியனாகி, அதையே முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஊரை நேரில் பார்த்த பிறகுதான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்று தெரிந்தது.

பாதாமியில் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்து பிடித்தால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பாதாமி என்றால் வேறொன்றுமில்லை, நம் வாதாபி. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே உள்ளே ஏதோ அசையும். வழியில் பட்டடக்கல். அங்கே புல்தரை, நேர்த்தியான பாதை, சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் உண்டு. 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் அது. அங்கிருந்து இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர் போல, சோளக் காட்டுக்கும் சூரியகாந்திக்கும் நடுவே போனால் ஐஹோளே வருகிறது. ஊர் எங்கே முடிகிறது, கோயில் எங்கே தொடங்குகிறது என்று முதலில் பிடிபடாது. கல் வீடு, மண் கூரை, அடுத்து ஒரு தூண் மண்டபம், அதன் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, அதற்குப் பின்னால் ஒரு விமானம். நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் இந்த ஒரே ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆறாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை ஆண்ட பாதாமிச் சாளுக்கியர் காலத்தவை. பின்னால் ராஷ்டிரகூடர், கல்யாணிச் சாளுக்கியர் காலத்திலும் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் பூசை நடப்பவை சிலவே. மற்றவை சிதைந்தவை, பாதி இடிந்தவை, மூலவர் இல்லாதவை.

இந்தக் கோயில்களின் பெயர்களைக் கொஞ்சம் கேளுங்கள். கன்னடத்தில் கோயிலுக்குக் ‘குடி’ என்று பெயர். நம் காதில் அது வீடு என்று விழுகிறது. ஐஹோளேயைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் சரியாகப் பொருந்திவிடுகின்றன. கௌடர குடி என்று ஒன்று. கௌடர் என்றால் ஊர்த்தலைவர், நம் பக்கத்து மணியக்காரர் மாதிரி. அம்பிகர குடி என்று இன்னொன்று. அம்பிகர் என்றால் ஓடக்காரர். சங்கத் தமிழிலும் அம்பி என்றால் ஓடம்தானே! படிகேர குடி, தச்சர் கோயில். ஹுச்சிமல்லி குடி, பித்துப்பிடித்த மல்லியின் கோயில். பிறகு ஊருக்கு நடுவே லாட்கான் கோயில்.

லாட்கான் எந்தத் தெய்வம் என்று முதல்முறை போனபோது நான் கேட்டேன். தெய்வமில்லை, மனிதர் என்று சொன்னார்கள். அந்தக் கோயிலில் குடியிருந்த ஓர் இஸ்லாமியர் அவர். பிஜாப்பூர் அடில்ஷாகி சுல்தான்களிடம் படைத்தலைவராக இருந்தவர் என்றும் சொல்வார்கள். அவர் பெயரே கோயிலுக்கு நின்றுவிட்டது. உள்ளே நந்தி இருக்கிறது, பின்சுவரை ஒட்டிக் கருவறை இருக்கிறது, கூரைமேல் ஒரு சிறு சன்னதி இருக்கிறது. ஆனால் அந்தச் சிவனுக்கு அன்று என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பது ஊருக்கு மறந்துபோயிற்று. குடியிருந்தவர் பெயர் மறக்கவில்லை.

இந்த ஊரின் கோயில் பெயர்கள் பலவும் இப்படி வந்தவைதான். ஓடக்காரர், தச்சர், ஊர்த்தலைவர், மல்லி என்ற பெண் என்று அங்கே குடியிருந்தவர்கள், பக்கத்தில் வாழ்ந்தவர்கள், மாடு கட்டியவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் பெயராலேயே கோயில்கள் நிலைத்தன. கட்டிய அரசன் பெயரில் ஒரு கோயில்கூட இன்று வழங்கவில்லை. இதை அறியாமை என்று சிரிக்கும் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

முதலில் இந்த ஊருக்கு ஏன் இத்தனை கோயில் என்று பார்ப்போம்.

சாளுக்கியர் தலைநகரம் வாதாபி. முதலாம் புலிகேசி 543-இல் அங்கே பாறைமேல் கோட்டை கட்டினான். பிற்காலத்தில் பெரிய அரச கோயில்கள் எழுந்த இடம் பட்டடக்கல். அங்கே இரண்டாம் விக்கிரமாதித்தனின் அரசிகள் லோகமகாதேவியும் திரைலோக்கியமகாதேவியும் கட்டிய கோயில்கள் நிற்கின்றன. காஞ்சியை வென்றும் அதைச் சூறையாடாமல், கைலாசநாதர் கோயில் செல்வத்தைக் கோயிலுக்கே விட்டுவிட்டு, அதைக் கன்னடத்தில் கல்லில் பொறித்துவைத்துப் போனானே, அந்த விக்கிரமாதித்தன்தான். அந்தக் கல்வெட்டு இன்றும் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. ஆக, அரசர்கள் பெருஞ்செலவில் கட்டிய இடங்கள் வாதாபியும் பட்டடக்கல்லும்தான். ஐஹோளே வேறு மாதிரி ஊர். அந்தணர் சபையும், வணிகரும், கைவினைஞரும் வாழ்ந்த ஊர். வடமொழியில் அதை ஆரியபுரம் என்றும், கன்னடத்தில் அய்யாவொளெ என்றும் எழுதினார்கள். ஒரே பெரிய கொடையாளி இருந்தால் ஒரே பெரிய கோயில் எழும். கையில் கொஞ்சம் பொருள் சேர்ந்த பல பேர் இருந்தால் சிறிது சிறிதாகப் பல கோயில்கள் எழும். ஒன்றைப் போல இன்னொன்று இராது. ஐஹோளேயில் சமதளக் கூரை உண்டு, வடநாட்டு வளைகோட்டுச் சிகரம் உண்டு, நம் பக்கத்து அடுக்கு விமானம் உண்டு, குடைவரை உண்டு. எல்லாம் கல்லெறி தூரத்துக்குள்.

இதைப் பார்த்துத்தான் பாடப் புத்தகங்கள் ஐஹோளேயைக் கோயில் கட்டடக் கலையின் தொட்டில் என்று எழுதின. அழகான சொல்தான். ஆனால் அதிலொரு சிக்கல் உண்டு. ஹென்றி கசன்ஸ், பெர்சி பிரவுன் போன்ற அந்தக் காலத்து அறிஞர்கள், எளிமையான கோயில் பழையது, நுணுக்கமான கோயில் புதியது என்று வரிசைப்படுத்தினார்கள். அப்படிப் பார்த்து லாட்கான் கோயிலை ஐந்தாம் நூற்றாண்டுக்கே கொண்டுபோனார்கள். பின்னால் வந்தவர்கள் எழுத்தையும் சிற்பத்தையும் ஒப்பிட்டு, அது ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி, எட்டின் தொடக்கம் என்று இறக்கினார்கள். குன்றின்மேல் இருக்கிற மேகுடி என்ற சமணக் கோயிலுக்குத் திட்டமான ஆண்டு இருக்கிறது, கி.பி. 634. பார்ப்பதற்கு அது லாட்கானைவிடத் தேர்ந்த கட்டடம். ஆனால் வயதில் மூத்தது. வசதி குறைந்தவன் எளிமையாகக் கட்டுவான், மரபில் பிடிப்புள்ளவன் தாத்தா காலத்து முறையிலேயே கட்டச் சொல்வான். நம் தெருவில் ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே மாடி வீடு நிற்கிறது. ஓட்டு வீடு எப்போதும் மூத்தது என்று சொல்லிவிட முடியுமா?

லாட்கான் கோயிலின் கூரையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கவேண்டும். படிக்கட்டு கிடையாது. ஏணியையே கல்லில் செதுக்கிச் சாய்த்துவைத்திருக்கிறார்கள். சரிந்த கூரை, பெரிய பெரிய கற்பலகைகளால் பாவியது. இரண்டு பலகை சேருமிடத்தில் இடுக்கு வருமல்லவா, மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க அந்த இடுக்கின்மேல் நீள நெடுக ஒரு கல் பட்டையைக் கவிழ்த்திருக்கிறார்கள். பட்டையின் மேல்பக்கம் உருண்டையாக இருக்கிறது, பாதியாகப் பிளந்த மரக்கட்டை போல. அங்கே நின்றபோது எனக்குச் சட்டென்று விளங்கியது. பலகைக் கூரைமேல் பிளந்த மரத்தை வைத்து அடைக்கும் தச்சன் வேலை இது. கல்லுக்கு அந்த உருண்டை வடிவம் தேவையே இல்லை. ஆனால் கைக்குப் பழக்கம் அது. தலைமுறை தலைமுறையாக மரத்தில் வேலை செய்த கை, கல்லைத் தொட்டதும் மரத்தை நினைத்துக்கொண்டே செதுக்கியிருக்கிறது. அந்தப் பட்டைகளில் ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. உளி பட்ட இடம் இன்னும் சொரசொரப்பாக இருந்தது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் ஒருவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஐஹோளேயின் கல்வெட்டு ஒன்று நரசொப்பா என்ற சிற்பியைப் புகழ்கிறது. வீடும் கோயிலும் கட்டுவதில் அவனுக்கு இணையானவன் நாவலந்தீவில் முன்பும் இருந்ததில்லை, இனியும் இருக்கமாட்டான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். நாவலந்தீவு என்றால் பாரதம் முழுவதும்! வீடு என்பதையும் சேர்த்துச் சொன்னார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. நரசொப்பா கட்டிய வீடுகள் மண்ணாகிப் போயிருக்கும். பெயர் மட்டும் கல்லில் நிற்கிறது.

துர்க்கை கோயிலுக்கு வருவோம். ஐஹோளேப் படம் என்று நீங்கள் எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பின்பக்கம் அரைவட்டமாக வளைந்த கோயில். ஆனை படுத்திருக்கும்போது பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படியிருக்குமோ அந்த வடிவம். நம் சிற்ப மரபில் இதற்குத் தூங்கானை மாடம் என்று எவ்வளவு நல்ல பெயர்! பெண்ணாடத்தில் கோயிலுக்கே அந்தப் பெயர்தான். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தையும் அதன் பக்கத்தில் நிற்கிற கல் ஆனையையும் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துர்க்கை கோயிலைச் சுற்றித் தூண்கள் வரிசையாக நிற்க, உள்ளே வலம் வர ஒரு தாழ்வாரம். வலம் வரும்போது மாடங்களில் நரசிம்மர், வராகர், மகிடனை வதைக்கும் தேவி, நந்தியில் சாய்ந்த சிவன், ஹரிஹரன். அந்த வளைவில் வெளிச்சம் தூணுக்குத் தூண் மாறும். நான் மூன்று சுற்று சுற்றினேன். ஒரே சிற்பம் மூன்று முறையும் வேறு வேறு முகம் காட்டியது.

பெயர் துர்க்கை கோயிலே தவிர, இது துர்க்கைக்குக் கட்டியதில்லை. துர்க்கம் என்றால் கோட்டை. பிற்காலத்தில் கோட்டையோடு கோட்டையாக இந்தக் கோயில் இருந்ததால் துர்க்கக் கோயில் என்றாகி, நம்மைப் போல் வெளியூரிலிருந்து வந்தவர்கள் வாயில் துர்க்கை கோயில் ஆகிவிட்டது. வாயிலில் இருக்கிற கல்வெட்டு, ஆதித்தனுக்கு, அதாவது சூரியனுக்குக் கட்டியதைச் சொல்கிறது. பக்கத்தில் ஊர்த்தலைவர் பெயரில் வழங்குகிற கௌடர குடிதான் உண்மையில் அம்மனுக்கு எடுத்த கோயில்.

துர்க்கை கோயிலின் சிகரம் பாதி சிதைந்திருக்கிறது. உச்சியில் இருந்த ஆமலகம் கீழே தரையில் கிடக்கிறது. ஆமலகம் என்றால் நெல்லிக்கனி. நெல்லிக்காயின் மேல் கோடு கோடாக இருக்குமே, அதேபோல் வரியிட்ட பெரிய கல் வட்டம். வானத்தைப் பார்த்து இருக்கவேண்டியது புல்லில் கிடக்கிறது. முதல்முறை நான் போனபோது ஒரு சிறுமி அதன்மேல் ஏறி உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்தமுறை போனபோது அதைத் தொடக்கூடாது என்றார்கள். பாதுகாப்புக்கு அது வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. அந்தச் சிறுமி எந்தத் தெருவில் இருந்து வந்தாளோ அந்தத் தெருவும் இப்போது இல்லை என்பதுதான் என் மனத்தில் நின்றது.

இராவணப்படி குடைவரையைச் சொல்லாமல் போனால் பாவம். ஊருக்கு வெளியே பாறையைக் குடைந்தது, ஆறாம் நூற்றாண்டு. உள்ளே பத்துக் கை நடராசர் ஆடுகிறார். நம் செப்புத் திருமேனி நடராசரின் தீவட்டமோ தூக்கிய திருவடியோ இங்கே கிடையாது. அந்த வடிவம் வருவதற்கு முந்தைய ஆட்டம் இது. சுற்றிலும் ஏழு அன்னையர், ஒல்லி ஒல்லியாக, உயர்ந்த மகுடத்தோடு. சிவன் ஆட ஆட அவர்களும் அசைவது போலவே இருக்கும்.

நமக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டா என்று கேட்பீர்கள். போர் உறவு எல்லாருக்கும் தெரியும். மேகுடிக் கோயிலின் கிழக்குச் சுவரில் ரவிகீர்த்தி வடமொழியில் புலிகேசியைப் பாடினான். தன்னைக் காளிதாசனோடும் பாரவியோடும் ஒப்பிட்டுக்கொண்டான். அந்தக் கல்வெட்டின் ஆண்டை வைத்துத்தான் காளிதாசன் அதற்கு முற்பட்டவன் என்று இந்திய இலக்கிய வரலாற்றுக்கே ஓர் எல்லைக்கோடு கிடைத்தது. பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான், புலிகேசி காவிரியைக் கடந்தான் என்றெல்லாம் அதில் வருகிறது. கல்வெட்டு எழுதி எட்டே ஆண்டுதான். 642-இல் பல்லவ அரசன் நரசிம்மவர்மன் படை வாதாபிக்குள் நுழைந்தது. அந்தப் படையை நடத்திய பரஞ்சோதியார் பிறகு சிறுத்தொண்ட நாயனாராகப் பெரியபுராணத்தில் நமக்குக் கிடைக்கிறார். வாதாபிப் பாறையில் நரசிம்மவர்மன் கல்வெட்டு சிதைந்த நிலையில் இன்னும் இருக்கிறது.

ஆனால் போரைவிடப் பெரிய உறவு ஒன்று உண்டு. அது நமக்கு அவ்வளவாகத் தெரியாது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. ஐஹோளேயில் பிறந்து, தென்னாடு முழுதும் கிளைத்து, கடல் கடந்த மாபெரும் வணிகச் சங்கம். நம் கல்வெட்டுகள் அவர்களைத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்றும், நானாதேசிகள் என்றும் சொல்கின்றன. அவர்கள் எந்த நாட்டில் கடை விரித்தாலும் தங்களை ஐயப்பொழில் பரமேசுவரியின் மக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அய்யாவொளெதான் தமிழில் ஐயப்பொழில் ஆயிற்று. பொழில் என்றால் சோலை. கன்னட ஊர்ப்பெயரைத் தமிழ்ச் செவி எவ்வளவு அன்பாகத் தன்னுடையதாக்கிக்கொண்டது பாருங்கள்! புதுக்கோட்டைப் பக்கத்தில் அவர்கள் கல்வெட்டு இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் இருக்கிறது. இலங்கையில் பொலன்னறுவை வரை அவர்கள் தடம் இருக்கிறது. சுமத்திராத் தீவில் பாரூஸ் என்ற பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் 1088-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதில் இந்த ஐந்நூற்றுவர், கப்பல்காரர்கள் கஸ்தூரி விலைக்கு ஈடாகப் பொன் செலுத்தவேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டைப் படித்து 1932-இல் உலகுக்குச் சொன்னவர் நம் நீலகண்ட சாஸ்திரியார்.

அந்தச் சுமத்திரா வணிகர்களில் எத்தனை பேர் ஐஹோளேயைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? மிகச் சிலரே இருக்கும். ஆனாலும் பெயரை விடவில்லை. நாலு தலைமுறைக்கு முன்னால் ஊரை விட்டு வந்தவர்களும் குலதெய்வத்தின் ஊரைச் சொல்கிறார்களே, அதுபோல.

இனி, நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

757-க்குள் சாளுக்கியர் ஆட்சி போய்விட்டது. ராஷ்டிரகூடர் வந்தார்கள். அரசியல் மையம் வேறெங்கோ நகர்ந்தது. பிறகு வணிகப் பாதைகளும் மாறின. கோயிலுக்குக் கொடை வருவது நின்றது. படையெடுப்புகளும் வந்தன. ஒரு கோயில் அழிவதற்கு இடிப்பவன் வரவேண்டும் என்பதே இல்லை. ஆள் இல்லாவிட்டால் போதும். கூரையில் ஓர் ஆலவிதை விழும். பறவை போட்டதை யாரும் பிடுங்காவிட்டால் பத்து ஆண்டில் வேர் பலகையைத் தூக்கும். பிறகு மழை இறங்கும். ஐஹோளேயின் கல் மணற்பாறை. செதுக்க மென்மையானது, அதனாலேயே தண்ணீர் ஊறினால் அடுக்கடுக்காகப் பெயர்ந்துவரும். அந்த ஊரில் உங்களுக்கு மூக்கில்லாத, முகமே இல்லாத துவாரபாலகர்கள் கிடைப்பார்கள். எல்லாம் வாள் பட்டதில்லை. பெரும்பாலும் தண்ணீர் தின்றது.

அந்த ஆளில்லாத நூற்றாண்டுகளில் கோயிலுக்குள் வந்து குடியேறியவர் லாட்கான். வந்தவள் மல்லி. வந்தவர்கள் ஓடக்காரர்கள். அவர்கள் தரையைப் பெருக்கினார்கள். கூரை ஒழுகினால் தங்கள் தலையில் ஒழுகும் என்பதால் மண் அடைத்தார்கள். முளைத்த செடியைப் பிடுங்கினார்கள். அடுப்புப் புகையால் விதானம் கறுத்தது, உண்மைதான். தூணில் மாடு கட்டினார்கள், உண்மைதான். சிற்பத்தின்மேல் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். ஆனால் குடியிருந்த கோயில் நின்றது. யாரும் போகாத கோயில் எத்தனை விழுந்தது என்பதற்கு வயல்வெளியில் கிடக்கிற கற்குவியல்களே கணக்கு.

இதே ஊரில் இருக்கிற ஹுச்சப்பய்யா குடியின் விதானத்தில் இருந்த பிரம்மா, விஷ்ணு, சிவன் பலகைகள் இன்று மும்பை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் அழகைச் சொல்ல வார்த்தை இல்லை. பாதுகாப்பாகவும் இருக்கின்றன. ஆனால் அண்ணாந்து பார்க்கச் செய்ததை நேர்க்கண்ணில் சுவரில் மாட்டிவைத்துப் பார்க்கிறோம். ஊரில் அந்த இடத்தில் வெறும் கூரை. கல்லை எடுத்துக் காப்பாற்றலாம், தவறில்லை. எடுத்த இடம் வெறிச்சோடிப் போகும்.

இப்போது மனிதர்களையும் எடுக்கிறோம். ஐஹோளே ஊரை வேறிடத்துக்கு மாற்றவேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கோயில்களைச் சுற்றியிருந்த வீடுகள் பல ஏற்கெனவே போய்விட்டன. அங்கேயே இருப்பவர்களின் பாட்டையும் சொல்லவேண்டும். பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். ஒரே ஒரு கோயில் இருக்கிற ஊரில் இது சிலரைத் தொடும். தெருவுக்குத் தெரு கோயில் இருக்கிற ஊரில் வட்டத்தின்மேல் வட்டம் விழுந்து ஊரையே மூடிவிடும். பழைய வீட்டைச் செப்பனிடவும் அனுமதி வேண்டும்.

இரண்டாம்முறை போனபோது ஒரு பெரியவர் என்னைத் தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். என் கன்னடம் அரைகுறை, அவருக்குத் தமிழ் தெரியாது. கையைக் காட்டிக் காட்டியே பேசினோம். மழையில் மண் கூரையின் ஒரு மூலை இறங்கி, மேலே நெகிழித் தாளைக் கட்டி வைத்திருந்தார். அவர் மருமகள் வாசலில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கத்து இல்கல் சேலை உடுத்தியிருந்தார். செப்பனிட மனு கொடுத்து எவ்வளவோ நாளாயிற்று என்றார் பெரியவர். புது இடத்தில் வீடு கொடுத்தால் போகத் தயார் என்றும் சொன்னார், தண்ணீரும் மாட்டுக்கு இடமும் இருந்தால் போதும் என்று. கிளம்பும்போது என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்ச் சுவரோடு சுவராக நிற்கிற சிறிய கோயில் ஒன்றைக் காட்டினார். புத்தகத்தில் அதற்கு எண் மட்டும்தான் இருந்தது. அவர் அதைத் தம் பாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பாட்டி தினமும் அங்கே விளக்கு வைப்பாராம். உள்ளே இன்றும் அகல் இருந்தது, திரி கருகி.

அந்தப் பெரியவர் ஒழுகும் கூரையின் கீழே இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் கிடையாது. போக விரும்புகிறவருக்கு நல்ல வீடு, நல்ல நிலம், நியாயமான விலை, தாமதமில்லாமல் கொடுக்கவேண்டும். ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ளமும் ஒரு பக்கம். 2019-இல் மலப்பிரபா பெருகிப் பட்டடக்கல் கோயில்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. ஆனால் இருக்க விரும்புகிறவரை அந்நியரைப் போல நடத்துவது தவறு என்று அடித்துச் சொல்வேன். அனுமதியை நாள் கணக்கில் முடிவுசெய்து கொடுத்தால் பழைய முறையில் மண்ணும் கல்லும் வைத்தே அவர்கள் கூரையைச் சரிசெய்துகொள்வார்கள். காவலுக்கும் துப்புரவுக்கும் வழிகாட்டவும் அந்த ஊர்ப் பிள்ளைகளையே வேலைக்கு வைக்கவேண்டும். முக்கியமாக, ஊர் இடம் மாறுவதற்கு முன்னால் ஒவ்வொரு கோயிலுக்கும் ஊரார் சொல்லும் பெயரையும் கதையையும் எழுதிக்கொள்ளவேண்டும். புதுக் குடியிருப்பில் பிறக்கிற குழந்தைக்கு ஹுச்சிமல்லி யார் என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

ஊர்ப்பெயருக்கே அப்படியொரு கதை உண்டு. பரசுராமர் சத்திரியர்களை வென்றுவிட்டு வந்து கோடரியை மலப்பிரபாவில் கழுவினாராம். ஆறு சிவந்துபோயிற்று. தண்ணீர் எடுக்க வந்த பெண் ஒருத்தி, ஐயோ ஆறு என்று அலறினாளாம். ஹொளே என்றால் கன்னடத்தில் ஆறு. கல்வெட்டு சொல்லும் அய்யாவொளெக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வாளர் சொல்லலாம். ஆனால் ஆற்றில் குடத்தோடு நின்ற ஒரு பெண்ணின் குரலைத்தான் ஊர் தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. அரசனின் வெற்றியை வைத்துக்கொள்ளவில்லை.

நேரமாயிற்று. ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். பாதாமி போகிறவர்கள் ஐஹோளேக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்காதீர்கள், ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் வெயிலுக்கு முன்னால் மேகுடிக் குன்றில் ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் ஊரும் கோயிலும் ஆறும் ஒன்றாகத் தெரியும். பள்ளிக்கூடப் பையோடு நேராக இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். நம் வட்டாரத்திலும் வயலுக்கு நடுவே பூட்டிக் கிடக்கிற கோயில், கூரை போன மண்டபம், கண்மாய்க் கரையில் சாய்ந்த லிங்கம் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்குப் போங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர் யாராவது இருப்பார்கள். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள் பாட்டி, ஏன் அந்தப் பெயர் என்று கேளுங்கள். சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் நோட்டில் எழுதுங்கள். தேதியும் போடுங்கள். எழுதியதை இந்த நூலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.